ரஸ்கின் முதலில் வரைந்தார், பிறகுதான் எழுதினார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். காந்தியடிகளின் மனத்தை மாற்றிய நூலை எழுதியவர், ஓவியர் விஸ்லர் தொடுத்த வழக்கில் தோற்றுப் பெருந்தொகை கட்டியவர், தூரிகை பிடிக்கத் தெரியாமலே ஓவியர்களைக் குறைசொன்னவர் என்று மூன்று வரிக்குள் அவரை முடித்துவிட்டார் கட்டுரையாளர். முதலாவது சரி, ஆனால் குறை. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது முழுத் தவறு. அந்த மூன்றாவதைத் திருத்தாமல் மற்ற இரண்டையும் புரிந்துகொள்ள முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதில் ரஸ்கினை மிஞ்சியவர் அக்காலத்தில் குறைவு. 1851 மே மாதம் மட்டும் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு இரண்டு கடிதங்கள் எழுதி, எல்லாராலும் கேலி செய்யப்பட்டுக்கொண்டிருந்த ப்ரீ-ராஃபலைட் என்ற ஓவியர் குழு இளைஞர்களின் பக்கம் நின்றார். அப்படிப்பட்ட கடிதங்களைத் திரட்டி 1880-இல் இரண்டு தொகுதிகளாகவே வெளியிட்டார்கள். ஆகவே நீளத்தைப் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகிறோம்.

வாழ்க்கைக் குறிப்பில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 1819 பிப்ரவரி 8-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி மதுவை இறக்குமதி செய்து செல்வந்தரானவர். தாய் பைபிளை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம்வரை மகனை உரக்க வாசிக்கச் செய்து, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவைத்தவர். ரஸ்கினின் உரைநடைக்கு ஓசை வந்தது அங்கிருந்துதான். 1848-இல் எஃபி கிரேயுடன் திருமணம். 1854-இல் அது செல்லாதென அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எஃபி ஓவியர் மில்லேயை மணந்தார். இதைப் பற்றித் திரைப்படம்வரை வந்துவிட்டது. கட்டுரையாளரும் இதற்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறார். ஓவியத்துக்கு ஒரு பத்தியும் கொடுக்கவில்லை.

பையனுக்கு 13-ஆவது பிறந்தநாளில் தந்தையின் வணிகக் கூட்டாளி ஒருவர் பரிசாகத் தந்த கவிதை நூலில் ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் டர்னர் வரைந்த சிறு படங்கள் இருந்தன. அன்று பிடித்த டர்னர் பித்து கடைசிவரை விடவில்லை. 15 வயதில் ரைன் நதி நீரின் நிறத்தைப் பற்றியும் மோன் பிளாங்க் மலையின் பாறை அடுக்குகளைப் பற்றியும் இயற்கை வரலாற்று இதழொன்றில் குறிப்பு எழுதினார். 16 வயதில் வானத்தின் நீலம் எந்த அளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தானே ஒரு நீலமானி செய்துகொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போனார்.

நீர்வண்ணம் கற்றது காப்ளி ஃபீல்டிங் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம். என்ன கற்றார் என்பதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் விவரமாகவே சொல்கிறார்: வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று சீராக ஏற்றுவது, கோபால்ட் நீலத்தை இளஞ்சிவப்பு மேடர் வழியாக மஞ்சள் காவிக்கு இறக்கி வானம் தீட்டுவது, மலையுச்சிக்கு உடைந்து உடைந்து போகும் தூரிகை வீச்சு, அசையாத ஏரிக்கு அகலமான நிழல் பட்டைகள், நடுநடுவே ஒளிக்கோடு. வாசிக்கும்போதே தெரிகிறது, இது சமையல் குறிப்பு. எந்த ஏரிக்கும் இதே பட்டை, எந்த மலைக்கும் இதே வீச்சு.

1842-இல் லண்டனுக்குத் தெற்கே நார்வுட் போகும் சாலையில் ஒரு முள்மரத் தண்டைச் சுற்றியிருந்த ஐவிக் கொடியைத் தன் பையேட்டில் பென்சிலால் வரைந்தார். சாதாரணமாகத்தான் தொடங்கினார். வரைய வரைய அந்தக் கொடியின் அமைப்பு தன் கற்பனையைவிட மேலானதாக இருப்பது தெரிந்தது. உள்ளதை உள்ளபடி வரை என்று ஒருவரும் சொல்லித்தராததால் இத்தனை ஆண்டுகள் வீணாயின என்று பின்னாளில் எழுதினார். அடுத்த ஆண்டு ‘மாடர்ன் பெயின்டர்ஸ்’ முதல் தொகுதி வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல், ‘ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி ஒருவர்’ என்று மட்டும் போட்டு. ஐந்து தொகுதிகள், 1860 வரை 17 ஆண்டுகள். அந்த நூலில் மேகம், அலை, இலை, பாறை ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் வருவதைப் பார்த்துப் பலர் வளவளப்பு என்கிறார்கள். வரைந்து பார்த்தவர்களுக்கு அது வளவளப்பாகப் படாது. ஒரு பாறை எப்படிப் பிளக்கிறது, கிளை பிரியும் இடத்தில் தடிப்பு எப்படிக் குறைகிறது என்பதெல்லாம் கை நின்று தடுமாறிய இடங்கள். அங்கெல்லாம்தான் எழுத்தும் நிற்கிறது.

அவருடைய படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1853-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்லஸ் ஓடைக்கரையில் வரைந்த நைஸ் என்னும் வரியோடிய பாறை, மீன்கொத்தி, மயிலின் மார்பு இறகு, வெனிஸ் நகரின் கா தோரோ மாளிகை முகப்பு ஆகியவை பலரும் அறிந்தவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அவருடைய கற்பித்தல் தொகுப்பை வைத்திருக்கிறது. பெரும்பாலான படங்கள் முடிக்கப்படாதவை. நடுவில் ஒரு தூண்தலை நகக்கணு அளவுக்குத் துல்லியமாக இருக்கும். இரண்டு விரல்கடை தள்ளிப் பென்சில் கோடாகும். ஓரத்தில் வெறும் தாள். இதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்வது தவறு. எதை அறிய உட்கார்ந்தாரோ அது கிடைத்ததும் எழுந்துவிட்டார். விற்பதற்காக அவர் வரையவில்லை.

கற்பித்தார் என்பதும் கட்டுரையில் இல்லை. 1854-இல் லண்டனில் தொழிலாளர் கல்லூரி திறந்தபோது தச்சர்களுக்கும் அச்சுத் தொழிலாளர்களுக்கும் மாலை வேளைகளில் சம்பளமில்லாமல் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பிலிருந்து பிறந்தது 1857-இல் வந்த ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் டிராயிங்’. மூன்று கடிதங்களாக அமைந்த சிறு நூல். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று ஆறு மாதம், ஏறத்தாழ 150 மணி நேரம் உழைத்தால், வரைய விரும்புவதை நம்பகமாக வரையும் ஆற்றல் வரும் என்று முன்னுரையில் கணக்குச் சொல்கிறார். 12 அல்லது 14 வயதுக்கு முன் குழந்தைகளை வற்புறுத்திப் பயிற்றுவிக்காதீர்கள், தாளும் வண்ணமும் கொடுத்து விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார். கோடைக்கால ஓவிய முகாம் நடத்துவோர் கவனிக்கலாம்.

முதல் பயிற்சி ஒரு சதுரம். நம் உலகில் கண்ணுக்குத் தெரிவது எல்லாமே நிறத்திட்டுகள்தான், ஆகவே முதலில் ஒரே நிறமான ஒரு திட்டைச் சமமாக உண்டாக்கக் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். தூரிகை தொடக்கக்காரர் கையில் வளைந்துகொடுக்கும் என்பதால் முதலில் பேனா. வழவழப்பான, ஆனால் பளபளக்காத தாள். கூரிய எஃகு நிப்பு. சில நாள் திறந்து கிடந்து கெட்டியான கறுப்பு மை. அளவுகோலால் ஒரு சிறு சதுரம் போடுங்கள். சரியான சதுரமாக இருக்க வேண்டியதில்லை. அதற்குள் ஒரு திசையில் வேகமாகக் கோடுகள். காயவிடுங்கள். வேறு திசையில் கோடுகள். காயவிடுங்கள். மூன்றாவது திசை. கடைசியில் சாம்பல் நிறப் பட்டுத்துணியை வெட்டித் தாளில் வைத்ததுபோல் இருக்க வேண்டும். நான்கு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டால் ஒன்று காயும்போது அடுத்ததில் வேலை செய்யலாம்.

இதில் எங்கே கெடும் என்பதையும் அவரே சொல்கிறார். கோட்டை மெதுவாக இழுத்தால் முடிவில் நிப்பு ஒரு மைப்புள்ளி விட்டுவிடும். அந்தப் புள்ளிகள் சேர்ந்து விளிம்பில் கறுப்புக் கரை கட்டும். அதனால் வேகம் வேண்டும், எல்லை தாண்டினாலும் பரவாயில்லை. தாண்டிய நுனிகளைப் பேனாக்கத்தியால் சுரண்டலாம், ஆனால் முழு வேலையும் முடிந்த பிறகுதான். இடையிலேயே சுரண்டினால் தாளின் மேல்தோல் பிய்ந்து, அடுத்து அங்கே படும் கோடு ஊறிப் பரவும். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகு சில இடம் இருண்டும் சில இடம் வெளுத்தும் இருக்கும். வெளுத்த இடத்தில் கோடுகளுக்கு நடுவே நுண்ணிய கீறல்களும் புள்ளிகளும் வைக்க வேண்டும். அப்போது நிப்பில் மை இருக்கிறதா இல்லையா என்ற அளவில்தான் இருக்க வேண்டும். தனியாகத் துருத்தித் தெரியும் கோட்டைக் கத்தி முனையால் இலேசாகத் தேய்க்க வேண்டும். எல்லாம் செய்தும் மணல் தூவியதுபோல் இருந்தால் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு சதுரம். தங்கள் நாளிதழில் அச்சான எந்தக் கறுப்பு-வெள்ளைப் புகைப்படத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: சாம்பல் என்று கண் நினைப்பது முழுக்கக் கறும்புள்ளிகளும் இடைவெளிகளும். ரஸ்கின் மாணவரின் கையால் செய்யவைத்தது இதைத்தான்.

வண்ணப் பூச்சுக்கான பயிற்சியும் இதே கறார். ஒரு பிரஷ்யன் நீலக் கட்டியின் நுனியைத் தண்ணீரில் தொட்டு வெள்ளைத் தட்டில் தேயுங்கள், கருத்துக் கெட்டியாகி எண்ணெய்ப் பளபளப்பு வரும்வரை. அதில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர். அட்டையில் பெரிய சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள். அட்டையைக் கணக்குப்பிள்ளை மேசையின் சரிவில் வையுங்கள். தூரிகை தாங்கும் மட்டும் நீலத்தை எடுத்து மேல்விளிம்பு நெடுகிலும் ஒரு குட்டைபோலத் தேக்குங்கள். பிறகு அந்தக் குட்டையை மேலிருந்து கீழாகச் செங்கல் வரிசை வைப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், எங்கும் முந்தாமல் பிந்தாமல். அடிவிளிம்பில் நீலம் அலைபோல் தேங்கும். தூரிகையை மையொற்றுத் தாளில் உலர்த்தி, அந்த உலர்ந்த தூரிகையாலேயே தேங்கியதை உறிஞ்சுங்கள். விடுபட்ட இடங்களை அப்போதே தொடக் கூடாது. பாதி காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகை பட்டால் நிறம் விலகிக் கறையாகும். ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக எல்லாம் முடிந்ததும் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி இரண்டாவது பூச்சு. அடியில் தேங்கி இருண்டது இப்போது மேலே வந்துவிடுவதால் இரண்டும் சேர்ந்து சமப்படும். நம் ஊர் வெயிலில் குட்டை பாதி இறங்குமுன் மேற்பகுதி காய்ந்து கோடு விழும். காலையிலேயே செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பிறகு வரும் கல். தெருவில் போய் உருண்டையான அல்லது முட்டை வடிவான ஒரு கல்லைப் பொறுக்கி வாருங்கள்; மிக வெளுப்பும் வேண்டாம், மிகக் கறுப்பும் வேண்டாம், மினுங்கக் கூடாது. சற்றே மங்கிய தாள்மேல் வைத்துச் சன்னலோரம் உட்காருங்கள். வெளிச்சம் இடப்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் முனையின் நிழலே வேலையை மறைக்கும். நேர் வெயில் படக் கூடாது. இந்தக் கல்லை வரைய முடிந்தால் வரையத்தக்க எதையும் வரையலாம் என்கிறார். ஏன் கல்? வரைதல் என்பதே உருட்சியைக் காட்டுவதுதான் என்பது அவர் முடிவு. கல்லுக்குச் சுற்றுக்கோடு கிடையாது. ஒருபக்கம் பின்னாலுள்ள தாளைவிட இருட்டாக முடிகிறது, மறுபக்கம் தாளோடு கிட்டத்தட்டக் கலந்துவிடுகிறது. மாணவர் முதலில் கறுப்பாக ஒரு முட்டை வடிவம் போட்டுவிட்டு உள்ளே நிழல் நிரப்புவார். கல் அப்போதே அப்பளமாகிவிடும். அடுத்த தவறு கீழ்விளிம்பில். தாளிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் அங்கே இலேசாகத் தெரியும். நிழலுக்குள் அதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் வெளிச்சப் பக்கத்துக்கு நிகராக அதை வெளுப்பாக்கிவிடுவார்கள். இதற்கு மருந்தாக ரஸ்கின் சொல்வது, தாளில் ஒரு சிறு துளை போட்டு அதன் வழியாகக் கல்லின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்ப்பது. துளைக்குள் கல் என்ற பொருள் மறைந்து நிறம் மட்டும் மிஞ்சும். கல் சாம்பல் நிறம் என்ற நம் அறிவு குறுக்கே வராது.

இதற்குத்தான் அவர் ‘கண்ணின் களங்கமின்மை’ என்று பெயர் வைத்தார். பிறவிக் குருடர் ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால் பொருள்களின் பெயர் தெரியாமல் நிறங்களை மட்டும் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்ப்பது. இருபதாம் நூற்றாண்டு உளவியலாளர்களும் கலை வரலாற்றாளர்களும் அப்படிப்பட்ட கண் யாருக்கும் இல்லை என்று மறுத்தார்கள். மறுப்பு நியாயம். ஆனாலும் வகுப்பறையில் அந்தத் துளை வேலை செய்கிறது.

அன்றைய அரசு ஓவியப் பள்ளிகளில் தென் கென்சிங்டன் முறை நடந்தது. அச்சிட்ட கோட்டுப் படங்களைப் பிசகாமல் பார்த்து வரைவது, பிறகு வடிவியல் அலங்காரம். அதை ரஸ்கின் வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி உட்பட இந்தியாவின் கலைப்பள்ளிகள் பலவற்றுக்கும் தென் கென்சிங்டன் பாடத்திட்டத்தின் நிழல் நீண்டது. நம் பள்ளி ஓவியத் தேர்வுகளில் இன்னமும் பார்த்து வரையும் கோட்டுப் படம் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

வெனிஸ் நகரைப் பற்றிய மூன்று தொகுதிகளையும் (1851–53) வீட்டு நூலகத்தில் உட்கார்ந்து எழுதியதாக உங்கள் கட்டுரையைப் படிப்பவர் நினைப்பார். எந்தக் கட்டடம் எந்த நூற்றாண்டு என்பதில் வெனிஸ் பண்டிதர்களே ஒத்துப்போகாததால், கல் கல்லாகத் தானே அளக்க வேண்டியதாயிற்று என்று முதல் தொகுதி முன்னுரையில் சொல்கிறார். 1849-50 குளிர்காலமும் 1851-52 குளிர்காலமும் ஏணியில் ஏறித் தூண்தலைகளை அளந்தார். சதுக்கத்தில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறுப்புத்துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு டாகுரோடைப் எடுப்பார், இல்லாவிட்டால் தூசியும் ஒட்டடையுமாகத் தூண்தலைகளில் தொற்றிக்கொண்டிருப்பார் என்று மனைவி எஃபி வீட்டுக்கு எழுதினார். டாகுரோடைப் என்பது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும் படம். கல்லில் உள்ள ஒவ்வொரு சிராய்ப்பும் கறையும் அதில் வந்துவிடும். மாளிகையையே தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்று 1845-இல் மகிழ்ந்தார். ஆனால் படம் இடவலம் மாறி விழும், விரல் பட்டால் அழியும், நிழல் விழுந்த இடம் ஒரே கறுப்பாகிவிடும். நிழலுக்குள் வளைவு எப்படித் தாங்குகிறது என்று அறியப் பென்சில்தான் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். 1849-இல் வந்த கட்டடக்கலை நூலின் படத்தகடுகளையும் தானே செதுக்கி அமிலத்தில் அரித்தார். கடைசித் தகட்டை அரித்தது டிஜோன் நகர விடுதியில் முகம் கழுவும் தொட்டியில். அமிலத்தைப் பக்குவமாகக் கையாளத் தெரியாததால் தகடுகள் சொரசொரப்பாக வந்தன. இரண்டாம் பதிப்புக்கு வேறொரு செதுக்காளரைக் கொண்டு புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த நூலில் பழங்கட்டடப் புதுப்பிப்பைப் பற்றி அவர் சொன்னது தத்துவமாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் நடைமுறைப் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. கூரையில் காலத்தோடு போட்ட சில ஈயத்தகடுகள், நீர்த்தாரையிலிருந்து காலத்தோடு கூட்டித் தள்ளிய காய்ந்த இலைகளும் குச்சிகளும், இவை போதும், கூரையும் சுவரும் பிழைக்கும் என்கிறார். பராமரித்தால் புதுப்பிக்கும் தேவை வராது. இதைப் படித்து வளர்ந்த, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்.

டர்னரின் பெட்டிகளுக்கு வருவோம். டர்னர் 1851 டிசம்பரில் இறந்து, அவர் படங்கள் நாட்டுக்குச் சேர்ந்தபின், தேசியக் கலைக்கூடத்தின் நிலவறையில் தகரப்பெட்டிகளில் கிடந்த 19,000-க்கும் மேற்பட்ட தாள்களை ஒழுங்குபடுத்த ரஸ்கின் முன்வந்தார். பல தாள்களில் இருபுறமும் படம். சிலவற்றில் சுண்ணக்கோடு, விரல் பட்டாலே போய்விடும். சிலவற்றை மை அரித்து ஓட்டையாக்கியிருந்தது. ஈரத்தில் பூசணம் பூத்தவை, எலி தின்றவை, பயணத்துக்காக நான்காய் மடித்துப் பிளந்தவை. அவற்றின்மேல் 30 ஆண்டுப் புகைக்கரித் தூசி. இரண்டு உதவியாளர்களோடு 1857 இலையுதிர்காலம் முதல் பகலும், பல நாள் இரவும் வேலை செய்து, 1858 மே மாதம் கடைசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் காப்பாளர் வோர்னமிடம் கொடுத்தார். தேர்ந்தெடுத்த சுமார் 400 படங்களைக் கண்ணாடியிட்டுச் சட்டகத்தில் ஏற்றி, அவை செங்குத்தாகச் செருகி நிற்கும் மகோகனி அலமாரிகளை வடிவமைத்தார். காரணம் எளிது. நீர்வண்ணம் சுவரில் தொங்கினால் வெளிச்சத்தில் வெளுக்கும். பார்ப்பவர் சட்டகத்தை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளினால் வண்ணம் நிற்கும். இன்றைய அருங்காட்சியகங்களின் காகிதப் படக் காப்பறைகள் பின்பற்றுவதும் இந்தக் கொள்கையைத்தான்.

டர்னரின் பாலுறவுச் சித்திரங்களை ரஸ்கின் எரித்துவிட்டார் என்ற கதையையும் கட்டுரை திருப்பிச் சொல்கிறது. டேட் கலைக்கூடத்தின் இயன் வாரல் இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஏட்டுக் குறிப்புகளையும் எஞ்சிய தாள்களையும் ஒப்பிட்டு, அப்படியொரு தீ மூட்டப்பட்டதே ஐயத்துக்குரியது, பெரும்பாலான தாள்கள் அங்கேயே இருக்கின்றன என்று காட்டிவிட்டார்.

இனி விஸ்லர். 1877 ஜூலையில், தொழிலாளர்களுக்கு எழுதிவந்த ‘ஃபோர்ஸ் கிளாவிகெரா’ என்ற கடித வரிசையில், பொதுமக்கள் முகத்தில் ஒரு சட்டி வண்ணத்தை வீசியதற்கு 200 கினி கேட்கிறார் என்று விஸ்லரின் இரவுக் காட்சிப் படமொன்றைச் சாடினார். விஸ்லர் 1,000 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் இரண்டு நாள் விசாரணை. உடல்நலமின்றி இருந்த ரஸ்கின் வரவில்லை. இரண்டு நாள் வேலைக்கா இந்த விலை என்று வழக்கறிஞர் கேட்க, வாழ்நாள் முழுதும் சேர்த்த அறிவுக்கு என்று விஸ்லர் சொன்னது புகழ்பெற்ற பதில். தீர்ப்பு விஸ்லருக்குச் சாதகம். இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு கிடைக்கவில்லை. ரஸ்கின் தரப்புச் செலவை அன்பர்கள் நிதி திரட்டிக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு திவாலானவர் விஸ்லர்தான். ஆகவே ‘பெருந்தொகை’ என்பது தவறு. ஆனால் இந்த விஷயத்தில் ரஸ்கினுக்காக வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. முடிக்காத படங்களையே வாழ்நாளெல்லாம் வரைந்தவர், டர்னரின் கடைசிக் காலத்து மூட்டத்தை உலகுக்கே விளக்கியவர், விஸ்லரின் மூட்டத்தைப் பார்க்க மறுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்லேட் பேராசிரியர் என்ற கலைப் பேராசிரியர் பதவியை அவர் துறந்ததற்கு இந்தத் தீர்ப்பையும் காரணம் காட்டினார்.

காந்தியடிகள் பற்றிக் கட்டுரை சொன்னது சரியே. 1904-இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் நண்பர் போலக் தந்த, ரஸ்கினின் பொருளாதார நூலான ‘அன்டு திஸ் லாஸ்ட்’டை டர்பன் போகும் 24 மணி நேரப் பயணத்தில் படித்தார். அவ்வாண்டே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவாயிற்று. 1908-இல் ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதினார். அந்த நூல் 1860-இல் தாக்கரே ஆசிரியராக இருந்த ‘கோர்ன்ஹில்’ மாத இதழில் நான்கு கட்டுரைகளாக வந்தது. வாசகர் எதிர்ப்பால் நான்கோடு நிறுத்தப்பட்டது. கட்டுரையாளர் விட்டது, ஓவிய விமர்சகர் ஏன் கூலியைப் பற்றி எழுதப் போனார் என்ற கேள்வி. விடை வெனிஸ் நூலின் இரண்டாம் தொகுதியில், கோதிக் கலையைப் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. கண்ணாடி மணி செய்யும் பட்டறையில், இழுத்த கண்ணாடிக் குச்சிகளை நறுக்குபவர்களின் கைகள் நாள் முழுதும் வாதம் வந்ததுபோல் ஒரே தாளத்தில் நடுங்க, மணிகள் ஆலங்கட்டிபோல் விழுகின்றன என்று எழுதுகிறார். பிறகு வாங்குபவருக்கு மூன்று விதி: செய்பவரின் புனைவு துளியும் இல்லாத, தேவையும் இல்லாத பொருளை வாங்காதீர்கள், வழவழப்புக்காகவே வழவழப்பைக் கேட்காதீர்கள், பெரும் படைப்புகளின் பதிவைக் காப்பதற்கல்லாமல் நகலெடுப்பை ஊக்குவிக்காதீர்கள். கோதிக் தூண்தலைகளை ஏணியில் நின்று வரைந்தவருக்கு, ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது தெரிந்திருந்தது. செதுக்கியவனுக்கு அங்கே சுதந்திரம் இருந்தது என்று அதிலிருந்து ஊகித்தார். கூலியைப் பற்றிய கேள்வி அங்கேதான் முளைத்தது.

இந்தியாவைப் பற்றி அவர் எழுதியதைக் கட்டுரை தொடவே இல்லை. 1839-இல் ஆக்ஸ்ஃபோர்டின் நியூடிகேட் கவிதைப் பரிசை மூன்றாம் முயற்சியில் அவருக்குப் பெற்றுத்தந்தது மும்பைக்கு அருகிலுள்ள சால்செட், எலிஃபென்டா குகைகளைப் பற்றிய கவிதை. அவர் அந்தக் குகைகளைப் பார்த்ததில்லை. இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1858 ஜனவரியில், 1857 கிளர்ச்சியின் செய்திகள் லண்டனைக் கொதிக்கவைத்திருந்த நேரத்தில், தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் பேசினார். இந்தியரின் வண்ண அமைப்பும் கோட்டு நயமும் உலகில் ஒப்பற்றவை, ஆனால் இயற்கைப் பொருளை உள்ளபடி ஒருபோதும் வரையாத கலை அது, அதனால்தான் அந்த மக்கள் கொடுமைக்காரர்கள் ஆனார்கள் என்ற தொனியில் வாதிட்டார். துணிகளையும் சில கைவினைப் பொருள்களையும் பார்த்துவிட்டு ஒரு துணைக்கண்டத்தின் சிற்பங்களைப் பார்க்காமல் பேசிய பேச்சு. கல் சாம்பல் நிறம் என்று முன்கூட்டியே தெரிந்த மாணவர் செய்யும் தவறு இதுவே. துளையிட்ட தாளை இங்கே அவர் கையில் எடுக்கவில்லை. கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ரஸ்கினும் மாரிஸும் கைவினைஞரைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, இந்தியக் கலையைப் பற்றிய இத்தகைய தீர்ப்புகளை மறுத்து எழுதினார். இலங்கையின் இடைக்காலக் கைவினைகளைப் பற்றிய அவருடைய 1908-ஆம் ஆண்டு நூல், மாரிஸ் பயன்படுத்திய அச்சுப் பொறியிலேயே அச்சானது.

ரஸ்கின் 1871-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியப் பள்ளி தொடங்க 5,000 பவுண்டு கொடுத்தார். அதே ஆண்டு கோனிஸ்டன் ஏரிக்கரையில் பிராண்ட்வுட் வீட்டை நேரில் பாராமலே 1,500 பவுண்டுக்கு வாங்கினார். 1878 முதல் மனநோய் விட்டுவிட்டு வந்தது. 1900 ஜனவரி 20-இல் அங்கேயே இறந்தார்.

ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் பக்கத்தில் இடமிருந்தால் மேலே சொன்ன சதுரப் பயிற்சியைப் படத்தோடு போடுங்கள். வெற்றுச் சதுரம் ஒன்று, நிரப்பிய சதுரம் ஒன்று, இரண்டும் தீப்பெட்டி அகலத்துக்கு மேல் வேண்டாம். பெரிதானால் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவார்கள். நாளிதழின் ஓரத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தத் தாளில் மை ஊறும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் இருவர்,
கும்பகோணம்